புதிய எடிஷன் எப்போது வரலாம்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி). 2014-இல் வந்த அதன் ஐந்தாம் எடிஷனில், சண்டைக்கு நடுவே காயம் ஆற்றும் ஹீலிங் போஷன் குடிக்க ஒரு முழு ஆக்‌ஷன் செலவாகும். அந்தச் சுற்றில் வாளும் வீச முடியாது, மந்திரமும் போட முடியாது. போஷன் குடித்ததோடு உங்கள் முறை கிட்டத்தட்ட முடிந்தது. ஒருவரையொருவர் அறியாத எத்தனையோ குழுக்கள் தாங்களாகவே ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்தன: குடிக்க, கூடுதலாகச் செய்யக்கூடிய சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். எங்கள் குழுவிலும் அப்படித்தான் ஆடினோம். 2024-இல் திருத்திய புத்தகம் வந்தபோது அதுவே அதிகாரபூர்வ விதியாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு ரோல்-பிளேயிங் ஆட்டத்துக்கு (ஆர்பிஜி) புதிய எடிஷன் தேவையா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆடுகிறவர்கள் புத்தகத்தை விட்டு விலகியிருக்கிறார்களா? எல்லோரும் ஒரே திசையில் விலகியிருக்கிறார்களா? ஆமென்றால் புத்தகம் அவர்கள் பின்னால் வர வேண்டும். ஆளுக்கொரு திசையில் விலகியிருந்தால் அது அந்தந்தக் குழுவின் ருசி. அதற்கு அவர்களே வைத்துக்கொள்ளும் ஹவுஸ் ரூல் போதும், எடிஷன் வேண்டாம்.

இதற்கு நான் அறிந்த மிக நல்ல உதாரணம் கால் ஆஃப் கதுலு. 1981-இல் வெளியான திகில் ஆட்டம். ஆறு எடிஷன்கள் வரை அதன் எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. கேரக்டரின் பலம், அறிவு போன்றவை பெரும்பாலும் 3 முதல் 18 வரையிலான எண்கள். ஆனால் திறமைகள் சதவீதத்தில் இருக்கும். ஆகவே அறிவைச் சோதிக்க வேண்டுமென்றால் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கி, 1 முதல் 100 வரை வரும் டைஸை அதற்கு மேல் போகாமல் உருட்ட வேண்டும். முப்பது வருடங்களுக்கு மேலாக எல்லோரும் ஐந்தால் பெருக்கிக்கொண்டே இருந்தார்கள். 2014-இல் ஏழாம் எடிஷன் செய்த முக்கியமான வேலை, பெருக்கிய எண்ணையே கேரக்டரின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டில் எழுதியது. கூடவே, தோற்ற சோதனையை இன்னொரு தரம் உருட்டிப் பார்க்கும் வாய்ப்பையும் முறைப்படுத்தியது. ஆனால் இரண்டாம் தரமும் தோற்றால் விளைவு முன்பைவிட மோசமாக இருக்கும், அதை ஆட்டக்காரர் ஏற்றுக்கொண்டுதான் உருட்ட வேண்டும். பயமே உயிராக உள்ள ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. எண்பதுகளில் எழுதிய ஒரு கதையை இன்று எடுத்து ஏழாம் எடிஷனில் நடத்த, கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் ஜிஎம்முக்கு அதிக வேலை இல்லை. பழைய அலமாரி அப்படியே பயன்படுகிறது. இதை நான் மிகப் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

தாக்கோவும் (கவச எண் 0 உள்ள எதிரியை அடிக்க டைஸில் வேண்டிய எண்) இதே ரகம். டி அண்ட் டியின் பழைய எடிஷன்களில் கவச எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு அதிகம். உங்கள் தாக்கோ 17, எதிரியின் கவச எண் 4 என்றால், கழித்து, இருபது முக டைஸில் 13 வேண்டும். கவச எண் மைனஸ் 2 என்றால் 19 வேண்டும். சண்டையின் உச்சத்தில் மைனஸைக் கழித்துப் பாருங்கள், எத்தனை பேர் தடுமாறுவார்கள் என்று தெரியும். 2000-இல் வந்த மூன்றாம் எடிஷன் இதைத் திருப்பிப் போட்டது. அதே ஆளுக்குத் தாக்குதல் போனஸ் 3, அதே எதிரிக்குக் கவச எண் 16. இப்போதும் டைஸில் 13-தான் வேண்டும். நிகழ்தகவு இம்மியும் மாறவில்லை. மாறியது மேசையில் உட்கார்ந்திருப்பவரின் சிரமம் மட்டும். அந்த மாற்றத்தை யார் குறை சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சில சமயம் விதியில் கோளாறே இருக்காது, எழுதிய விதத்தில் இருக்கும். ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற ஆட்டம் 1981-இல் வந்த டி அண்ட் டி பேசிக், எக்ஸ்பர்ட் விதிகளைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு, வரிசைப்படுத்தி, வேண்டியதை உடனே தேடி எடுக்கும்படி பக்கங்களை அமைத்தது. புதிதாக ஆட வந்த பலர் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வருடப் பழைய விதிகளுக்கு ஒரு நல்ல எடிட்டர் போதுமாயிருந்தது! இன்னும் சில சிக்கல்களுக்கு ஒரு துணைப்புத்தகமே போதும். டி அண்ட் டி ஐந்தாம் எடிஷனின் ரேஞ்சர் என்ற கேரக்டர் வகை பலவீனமாக இருக்கிறது என்று பலரும் வருத்தப்பட்டார்கள். 2020-இல் வந்த ஒரு துணைப்புத்தகம் மாற்றுத் திறன்களைக் கொடுத்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள், யாருடைய புத்தகமும் செல்லாக்காசாகவில்லை.

இனி 2008. டி அண்ட் டியின் நான்காம் எடிஷன் மோசமான ஆட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரே அடியில் விழும் மினியன்கள், பாதி உயிர் போனதும் மாறும் சண்டை, ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிய அரக்கன் விவரங்கள் என்று ஜிஎம்முக்கு அவ்வளவு உதவிய புத்தகங்கள் குறைவு. ஆனால் மூன்றாம் எடிஷன் ஆடிய மேசைகளில் எல்லோரும் போய்க்கொண்டிருந்த திசை அது இல்லை. போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வார்த்த சக்திகள், பழைய கேரக்டரைக் கொண்டுவர வழியில்லை. டி அண்ட் டி கதைகள் நடக்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தையே ஏறக்குறைய நூறு வருடம் முன்னே தள்ளி, விதி மாற்றத்துக்குக் கதையில் காரணமும் தேடினார்கள். தங்கள் கேம்பெய்னின் (பல நாள் தொடர்ந்து ஆடும் கதையின்) ஊர்களும் மனிதர்களும் ஒரே அத்தியாயத்தில் மறைந்துபோனதைப் பார்த்தவர்களின் கோபம் எனக்கு முழுக்கப் புரிகிறது. பைசோ நிறுவனம் 2009-இல் 3.5 விதிகளை (மூன்றாம் எடிஷனின் திருத்திய வடிவம்) மெருகேற்றிப் பாத்ஃபைண்டராக வெளியிட்டது. டி அண்ட் டி விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று 2000-இல் கொடுத்த திறந்த உரிமம் இருந்ததால்தான் அது முடிந்தது. பெருங்கூட்டம் அங்கே போனது. நான்காம் எடிஷன் வேறு பெயரில் வந்திருந்தால் இன்று பலர் அதைக் கொண்டாடியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

பதிப்பாளர் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். அடிப்படை விதிப்புத்தகத்தை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். ஆறாவது, ஏழாவது துணைப்புத்தகம் வரும்போது வாங்குகிறவர் குறைந்துவிடுவார். எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் சம்பளம் போக வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனாலும் விற்பனை சரிந்திருக்கிறது என்பது மட்டுமே காரணமாக வரும் எடிஷனை நான் ஏற்க மாட்டேன். மூன்றாம் எடிஷனுக்கும் 3.5-க்கும் இடைவெளி மூன்றே வருடம். திருத்தங்களில் பல நல்லவைதான், ஆனால் அதற்காக மூன்று தடித்த புத்தகங்களை மறுபடி வாங்கச் சொன்னது அநியாயம். நல்ல சாகசக் கதைகளைத் தொடர்ந்து வெளியிடட்டும், நான் வாங்குவேன். இருக்கிற விதிகளுக்கு உயிர் கொடுப்பவை அவைதான்.

இப்போது எனக்குள்ள பெரிய கவலை வேறு. அச்சுப் புத்தகத்தை யாராலும் என் அலமாரியிலிருந்து எடுக்க முடியாது. டிஜிட்டலில் வாங்கியதை முடியும். 2024-இல், டி அண்ட் டியின் அதிகாரபூர்வ இணையதளமான டி அண்ட் டி பியாண்டில், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களின் கேரக்டர் ஷீட்டுகளில் பழைய மந்திரங்கள் இருந்த இடத்தில் புதிய விதிகள் வந்துவிடும் என்று அறிவித்தார்கள். கேம்பெய்ன் பாதியில் நிற்கும்போது! எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டார்கள். அந்த எதிர்ப்பில் சேர்ந்தவர்கள் எல்லோரும் புதிய விதிகளை வெறுத்தவர்கள் இல்லை. எந்த நாளில் மாறுவது என்பதைத் தங்கள் குழுவே முடிவு செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார்கள். புதிய எடிஷனை அறிவிக்கும் எந்த நிறுவனமும், பழையதை எத்தனை வருடம் விற்பனையில் வைத்திருக்கும், வாங்கியவர்களின் ஷீட்டுகளை என்ன செய்யும் என்பதை அந்த அறிவிப்பிலேயே எழுதித் தர வேண்டும். அதைப் படித்த பிறகுதான் நான் புதிய விதிகளைப் படிக்கத் தொடங்குவேன்.