பேர் வைத்தாச்சு, இனி அர்த்தம் கேட்டு யாரும் வராதீர்கள்

"கபிலன்னா குரங்குன்னு போட்டிருக்கே, தெரிஞ்சுதான் வச்சியா?"

இன்றைக்குப் பெரியம்மா கேட்டது. பிள்ளை பால் குடிக்கிறானா, நான் தூங்குகிறேனா, ஒரு வார்த்தை கிடையாது. வந்து உட்கார்ந்ததும் கைப்பேசியில் ஏதோ ஒரு பெயர்த் தளம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார்.

பொறுமையாகத்தான் சொன்னேன். கபி என்றால்தான் குரங்கு. கபிலம் என்றால் பழுப்பு நிறம். வடமொழி அகராதியில் 'குரங்கின் நிறம்' என்றும் விளக்கம் உண்டு, அது நிறத்தைச் சொல்வது, விலங்கை அல்ல. "அப்ப குரங்கு நிறம்னு நீயே ஒத்துக்கிறே" என்றார். சரி, கபிலர் என்ற புலவரை நினைத்து வைத்தோம் என்றேன். சங்கப் பாடல்களில் 200க்கும் மேல் அவர் பாடியவை. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்னவர். பாரி செத்த பிறகு அவன் மகள்களுக்கு நல்ல வாழ்க்கை அமைய வேண்டும் என்று அரசன் அரசனாகப் போய் நின்றவர். நட்புக்கு அப்படி நின்ற மனிதரின் பேர் என் மகனுக்கு வேண்டும். இதைவிட என்ன அர்த்தம் வேண்டும்? "அதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது, தேடினா குரங்குன்னுதானே வரும்?" என்றார். அதோடு விட்டாரா? அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். குடும்பக் குழுவில் போட்டார். அரை மணி நேரத்தில் சித்தப்பா போன் செய்து, "குரங்குன்னு சொல்றாங்களே" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாற்றாக அவர்கள் கொண்டுவந்த பேர் ரியான்ஷ். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒரு தளத்தில் விஷ்ணுவின் அம்சம், இன்னொன்றில் சூரியனின் முதல் கதிர். எது சரி? "எதுவா இருந்தா என்ன, ரெண்டும் நல்லதுதானே!"

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. நல்லதாக இருந்தால் போதுமாம், உண்மையாக இருக்க வேண்டாமாம். அப்படியானால் இவ்வளவு நேரம் என் பிள்ளையின் பேரை எதற்குக் குடைந்தீர்கள்?

இந்தத் தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுகின்றன. வனெஸ்ஸா என்றால் பட்டாம்பூச்சி என்று போட்டிருப்பார்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர், தனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பேரிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டி உண்டாக்கிய பேர் அது. பட்டாம்பூச்சி வகை ஒன்றுக்கு அந்தப் பேர் வந்ததே 1807இல்தான். பேர் முந்தியது, பூச்சி பிந்தியது. யாராவது ஒருவர் சரிபார்த்தாரா?

கிருஷ்ணன் என்றால் கறுப்பு. சீதை என்றால் உழுத சால். கர்ணன் என்றால் காது. கிளாடியா என்ற பேரின் லத்தீன் வேரில் இருப்பது கால் ஊனம், சிசிலியாவில் இருப்பது குருடு. கூப்பிடும்போது யாருக்காவது இது நினைவுக்கு வருகிறதா? அந்த ஆள்தான் கண்முன் வருகிறார். அர்த்தம் பார்த்து வைப்பவர்கள் தாராளமாக வையுங்கள், நானும் பார்த்துத்தான் வைத்தேன். ஆனால் அது பெற்றவர்கள் வைப்பதற்கு முன்னால் முடிந்துபோகிற வேலை. வைத்த பிறகு வந்து மாற்றச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

அப்புறம், தூங்குகிற பிள்ளையைக் "கண்ணைத் திறக்கட்டும், பார்ப்போம்" என்று கன்னத்தைத் தட்டி எழுப்புகிறீர்களே, அது எந்த ஊர் நியாயம்? ஒரு மணி நேரம் தோளில் போட்டு நடந்து தூங்க வைத்தவள் நான். எழுப்பிவிட்டு, அவன் வீறிட்டதும் "பசிக்குது போல" என்று என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பு மாட்டிக் கிளம்பிவிடுகிறீர்கள். இனி வருகிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள், அவன் தூங்கினால் தொடாதீர்கள்!