60 எண்களை அடித்தால்தான் விளக்கு எரியும்

புரட்டாசி மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்து சாட்ஸ்வர்த்தில் என் சாப்பாட்டுக் கடை. டர்பன்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மாதம் முழுக்க மரக்கறிதான் என்று விரதம் இருக்கிறவர்கள் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய 'பன்னி'க்காக வாசல் தாண்டி நிற்கிறார்கள். கடையில் இருப்பது முன்பணம் கட்டி ஓட்டும் கரண்ட் மீட்டர். பழைய வாடகைக்காரர் அதில் விட்டுப்போன யூனிட் அந்த நேரம் பார்த்துத் தீர்ந்தது.

500 ராண்டுக்கு டோக்கன், அதாவது மீட்டரில் அடிக்க வேண்டிய எண், வாங்கினேன். சேவைக் கட்டணம் என்று மீட்டர் கம்பெனி 40 ராண்டை முதலிலேயே பிடித்துக்கொண்டது. மனைவி போன் வெளிச்சத்தில் நான்கு நான்கு எண்ணாக வாசிக்க, நான் அடித்தேன். மொத்தம் 20 எண். ரிஜெக்ட். மறுபடி அடித்தேன். ரிஜெக்ட். 7 என்ற பொத்தான் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, அழுந்தியதா இல்லையா என்றே தெரியாது. மூன்றாம் முறை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். அதுவும் ரிஜெக்ட்.

போன் போட்டேன். 50 நிமிடம் பாட்டுதான் கேட்டது. அப்புறம் ஒரு பெண் வந்து, "அந்த மீட்டரை நீங்கள் 2024 நவம்பர் 24க்கு முன்பே புதுப்பித்திருக்க வேண்டும்" என்றாள். நானா? நான் அங்கே குடிவந்தே மூன்று வாரம்தான் ஆகிறது!

இந்த மீட்டர்களின் டோக்கன் கணக்கு 1993 ஜனவரி 1 முதல் நிமிடம் நிமிடமாக ஓடி அந்த நவம்பரோடு முடிந்துபோனது. நாடு முழுக்க ஒவ்வொரு மீட்டரிலும் தலா 20 எண்ணில் இரண்டு குறியீடு அடித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேதி பல வருடம் முன்பே தெரிந்ததுதானே? பூட்டிக் கிடந்த கடையை வாடகைக்கு விடும்போது அதைச் செய்ய ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையா? கடைச் சொந்தக்காரரைக் கேட்டால் கம்பெனியின் வேலை என்கிறார். கம்பெனியைக் கேட்டால் சொந்தக்காரரின் வேலை என்கிறது. புதுப்பிக்காத மீட்டர் என்று தெரிந்திருந்தால் என் 500 ராண்டை ஏன் வாங்கினார்கள்? அப்போதே அந்தக் குறியீடுகளையும் கொடுத்திருக்கலாமே!

இரண்டு குறியீடு, அப்புறம் டோக்கன். 60 எண். வரிசை மாறக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவதை முதலில் அடித்துவிட்டு மறுபடி அதே நம்பருக்குப் போன், மறுபடி அதே பாட்டு. விளக்கு எரிந்தபோது மணி ஒன்பதே முக்கால். வாசலில் ஒரு ஆள் இல்லை. ஃப்ரீசரில் இருந்த 30 டஜன் பட்டாணி சமோசா குழைந்து ஒட்டிக்கொண்டது. அத்தனையும் குப்பைக்கு. அதற்கு யார் பணம் தருவார்கள்?

விலையாவது மலிவா? அரசு மின் நிறுவனமான எஸ்காமின் சராசரிக் கட்டணம் 2023 ஏப்ரலில் 18.65 சதவீதம் ஏறியது. 2024இல் 12.74, 2025இல் மறுபடி 12.74. பெருக்கிப் பாருங்கள், 100 ராண்டாக இருந்தது 150 ராண்டைத் தாண்டுகிறது. அதன் மேல் 15 சதவீதம் வாட். அதற்கும் மேல் இந்த மீட்டர் கம்பெனியின் வெட்டு. நான் பன்னி விலையை இரண்டு ராண்டு ஏற்றினால் தெருவே சண்டைக்கு வருகிறது. ஊரில் அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால்கூட எனக்குப் போன் செய்து புலம்புவாள். அவளிடம் இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே காஸ் வண்டி வந்து, 48 கிலோ சிலிண்டரை நடைபாதையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. கடைக்கு நான்கு படி ஏற வேண்டும். டெலிவரி என்று தனியாகக் காசு வாங்குகிறார்களே, அந்த நான்கு படி எந்தக் கணக்கில் வரும்?