வெள்ளையில் மஞ்சள் எழுதிய மகராசனுக்கு

நேற்று ராத்திரி டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் எழுத்துத் திரையில், ஒரு புது கமாண்ட் லைன் கருவியை ஓடவிட்டேன். கடகடவென்று 40 வரி ஓடியது. கடைசி வரி மட்டும் காலி. உற்றுப் பார்த்தால் காலி இல்லை, வெளிர்மஞ்சளில் என்னவோ எழுதியிருக்கிறது. என் டெர்மினல் வெள்ளைப் பின்னணி. ஆமாம், வெள்ளைதான். குற்றமா?

திரையைச் சாய்த்துப் பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், கூட்டினேன். மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தேன். அழுக்கோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கடைசியில் அந்த வரியை மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுத்தபோது நீலப் பட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது: "எச்சரிக்கை, 10 விநாடியில் பழைய கோப்பு அழிக்கப்படும்." அழிந்தே போச்சு சாமி. நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோதே!

எழுதியவர் கருப்புத் திரைக்காரர். அவருக்கு அது தங்கமாக ஜொலித்திருக்கும். கருப்புத் திரைக்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம், உங்கள் ஃபோல்டர் பெயர்கள் அடர்நீலத்தில் மூழ்கிக் கிடக்கும் லட்சணம் எனக்கும் தெரியும்.

பயனர் வைத்திருக்கும் நிறத்தையே வை என்று டெர்மினலிடம் சொல்ல, நிறக் குறியீடுகளில் எழுத்துக்கு 39, பின்னணிக்கு 49 என்று எண்ணே இருக்கிறது. வண்ணம்தான் வேண்டுமென்றால் பின்னணியையும் சேர்த்துப் போடலாம். ம்ஹூம். எழுத்துக்கு மட்டும் 93, அதாவது அந்த வெளிர்மஞ்சள். அடியில் என்ன நிறம் இருந்தால் யாருக்கென்ன?

பின்னணி என்ன என்று டெர்மினலையே கேட்கலாமே என்பீர்கள். ஓஎஸ்சி 11 என்று அதற்கொரு கேள்விக் குறியீடு உண்டு, அதை அனுப்பிக் கேட்கலாம்தான். இன்னொரு கருவி கேட்டது. கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது. அனாதையான பதில் என் ப்ராம்ப்டில், அதாவது அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வரியில், வந்து விழுந்தது: 11;ஆர்ஜிபி:எஃப்எஃப்எஃப்எஃப்/எஃப்எஃப்எஃப்எஃப்/எஃப்எஃப்எஃப்எஃப் என்று ஒரே உளறல். கதவைத் தட்டிவிட்டு ஓடுகிற பிள்ளைகளாவது சிரித்துக்கொண்டே ஓடும். எழுத்து நிறமும் பின்னணி நிறமும் என்ன என்று கருவிகளுக்குச் சொல்ல கலர்எஃப்ஜிபிஜி என்று ஒரு சூழல் மாறி (environment variable) உண்டு. சில டெர்மினல்கள் வைக்கும், பல வைக்காது. வைத்தாலும் எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைந்தால், அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் தொலைந்துவிடும்.

சரி, வண்ணமே வேண்டாம் என்று 2017-இல் புண்ணியவான்கள் முன்வைத்த நோ_கலர் என்ற மாறியை வைத்தேன். ஆச்சரியம், இந்தக் கருவி அதற்குக் கட்டுப்பட்டது. எல்லாம் கருப்பு. கண்ணுக்கு என்ன ஒரு நிம்மதி! மறுபடி ஓடவிட்டேன்.

"சிவப்பில் உள்ள கோப்புகளை மட்டும் சரிபார்க்கவும்" என்றது. கீழே 30 பெயர்கள், முப்பதும் கருப்பு.