"பழகினால் வரும்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

புது தையல் மெஷினின் பெட்டிமேல் பூவும் கொடியுமாகத் தைத்த குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த போர்வையின் படம் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கையேட்டில் அந்த வேலைக்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். பல்லை (ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளிவிடும் பாகம்) இறக்குங்கள், துணியை உங்கள் விருப்பம்போல் நகர்த்துங்கள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது! இப்படித் துணியைக் கையாலேயே நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷன் குவில்டிங்கைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இது போதுமா? எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் பாதத்தைப் பற்றி, அதாவது ஊசிக்குப் பக்கத்தில் துணியைப் பிடிக்கும் பாகத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்த வேலைக்கு டார்னிங் ஃபுட் என்ற தனிப் பாதம் வேண்டும். பல மெஷின்களோடு அது வருவதே இல்லை, தனியாக வாங்க வேண்டும். வாங்கப் போனால் லோ ஷாங்க்கா, ஹை ஷாங்க்கா, அதாவது பாதம் மாட்டும் தண்டு குட்டையா, உயரமா என்று கேட்கிறார்கள். அந்த விவரம் பெட்டியில் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டாமா?

சரி, மாட்டியாகிவிட்டது. இந்தப் பாதம் மற்றவை மாதிரி துணியை அழுத்திப் பிடிக்காது, கொஞ்சம் மேலேயே நிற்கும். அதனால் பாதத்தை ஏற்றி இறக்கும் லீவரை இறக்கியிருக்கிறோமா இல்லையா என்று பார்த்தால் தெரியாது. லீவர் மேலே இருந்தால் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தைத் தரும் தகடுகள் திறந்தே இருக்கும், மேல் நூலுக்குப் பிடிமானமே இருக்காது. ரெண்டு அங்குலம் தைப்பதற்குள் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு மெஷின் இறுகி நின்றுவிடும். சிக்கல் அடியில் இருக்கிறது, ஆகவே அடி நூல் சுற்றிய பாபின்தான் கெட்டுப்போச்சு என்று எல்லோரும் பாபினைக் கழற்றி மாட்டி, அது உட்காரும் கேஸின் குட்டி ஸ்க்ரூவைத் திருகி, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறார்கள். குற்றவாளி மேல் நூல்! அதே தகடுகளுக்குள் நூல் சரியாக உட்கார வேண்டும் என்றால், நூல் கோர்க்கும்போது லீவர் மேலே இருக்க வேண்டும். கோர்க்கும்போது மேலே, தைக்கும்போது கீழே. இந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

அடுத்தது வேகம். பல் இறங்கிவிட்டால் தையலின் நீளத்தை மெஷின் தீர்மானிப்பதில்லை, கை தீர்மானிக்கிறது. கை வேகமாகவும் மோட்டார் மெதுவாகவும் போனால் தையல் நீண்டு தொங்கும். ஊசி துணிக்குள் இருக்கும்போதே துணியை இழுத்தால் ஊசி வளைந்து அடித் தகட்டில் மோதி உடைந்து தெறிக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம் இது. ஆனால் பயத்தில் மெதுவாக மிதிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். மோட்டாரைக் கொஞ்சம் கூட்டி, கையை நிதானமாக்கு என்று முதல் நாளே சொன்னால் பாதித் தொல்லை போய்விடும். வளைவுகளில் கையை வீசித் திருப்புவதால்தான் பின்பக்கம் கண் இமை மாதிரி நூல் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதையும் யாரும் சொல்வதில்லை.

கற்றுத்தரும் வீடியோக்கள் இன்னும் மோசம். எல்லாம் தயாராக இருக்கும் இடத்திலிருந்துதான் படமே ஆரம்பிக்கிறது. ஆரம்பத்தில் பாபின் நூலை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்வது, மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கி அதே கனத்தில் ஒரு துண்டில் டென்ஷன் பார்ப்பது, 90/14 அளவு ஊசி போட்டுப் பார்ப்பது, இதெல்லாம் வெட்டி எறியப்பட்டுவிடும். கேட்டால் ஒரே பதில், "பழகினால் வரும்." எதைப் பழக? லீவர் மேலே இருக்கிற மெஷினில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தாலும் நூல் சிக்கும். பழக்கம் கைக்குத்தான், தகட்டுக்கு இல்லை. கை நன்றாக ஓடக்கூடிய எத்தனையோ பேர் "எனக்கு இது வராது" என்று நம்பி மெஷினை மூடி வைத்துவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கும் மேலே போய், "உங்க மெஷினுக்கு இது ஒத்து வராது, பெரிய மாடல் எடுங்க" என்கிறார்கள். பெரிய மாடலில் கைக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஃப்ரீ மோஷனுக்கு வேண்டியது நேர்த்தையல் ஒன்றே ஒன்று. பல்லை இறக்க வழியில்லாத மெஷினில் அதன்மேல் ஒரு மூடியைப் போட்டுக்கூடத் தைக்கலாம். கால்மிதி மெஷினில் வளையம் மாட்டிய துணியைக் கையாலேயே நகர்த்தி எம்பிராய்டரி போட்டவர்களிடம் எந்தப் பெரிய மாடல் இருந்தது? புதிதாக வருகிறவரிடம் விலைப்பட்டியலை நீட்டுவதற்கு முன்னால், லீவர் கீழே இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்களய்யா!