முதல் நாளே ராணுவத்தை இறக்கியிருந்தால்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 1914இல் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளர்களின் கூடாரங்கள் கொளுத்தப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் செத்த இடம் லட்லோ. அங்கே போய்வந்து நான் போட்ட படங்களுக்குக் கீழே நேற்று நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "முதல் நாளே ராணுவத்தை இறக்கியிருந்தால் இவ்வளவு சாவு விழுந்திருக்காது" என்று ஒரு நண்பர் எழுதினார். அதற்கு வரிசையாக லைக். ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை. கமெண்டில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் தனியாக எழுதுகிறேன்.

லட்லோவில் படை இல்லாமல் இல்லை. 1913 செப்டம்பரில் தெற்குக் கொலராடோ நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அக்டோபர் கடைசியில் ஆளுநர் அம்மன்ஸ் மாநிலத்தின் தேசியக் காவல்படையை அனுப்பினார். சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் பெரும்பாலான வீரர்களைத் திருப்பி அழைத்துக்கொண்ட பிறகு, சுரங்கக் கம்பெனிகளின் காவலாளிகளே அந்தச் சீருடையை மாட்டிக்கொண்டார்கள். 1914 ஏப்ரல் 20 அன்று கூடாரங்களைச் சுட்டதும் கொளுத்தியதும் இந்தப் படைதான். ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுமுட்டிச் செத்தார்கள். அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வந்துதான் படம் போட்டேன்.

"அது மாநிலப் படை, நான் சொல்வது மத்திய ராணுவம்" என்பீர்கள். சரி, நெவாடா மாநிலத்தின் தங்கச் சுரங்க ஊரான கோல்ட்ஃபீல்டைப் பாருங்கள். 1907 டிசம்பரில் ஆளுநர் ஸ்பார்க்ஸ் கேட்டார் என்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் துருப்புகளை அனுப்பினார். துருப்புகள் வந்து இறங்கிய சில நாட்களிலேயே முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள், சங்கத்து ஆட்களுக்கு வேலையில்லை என்றார்கள். ரூஸ்வெல்ட் அனுப்பிய விசாரணைக் குழுவே, ராணுவம் கேட்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னது. நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: கூப்பிட்டது யார்? யாருக்காக?

தொழிலாளர்கள் மட்டும் உத்தமர்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 1899இல் ஐடஹோ மாநிலத்தில் பங்கர் ஹில் சுரங்கத்தின் ஆலையை டைனமைட் வைத்துத் தகர்த்தவர்கள் அவர்கள்தான். உயிரும் போனது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அப்புறம் வந்த ராணுவம் குற்றவாளிகளை மட்டுமா பிடித்தது? பர்க் என்ற ஊரில் ஆண்கள் அத்தனை பேரையும் பிடித்தது. நூற்றுக்கணக்கானவர்களை விசாரணையில்லாமல் அடைத்துவைத்தார்கள். சங்கத்தைக் கைவிட்டால்தான் வேலைக்கு அனுமதிச் சீட்டு.

லட்லோவுக்குப் பிறகு அதிபர் வில்சன் அனுப்பிய மத்திய ராணுவம் இரண்டு பக்கத்து ஆயுதங்களையும் வாங்கியதே என்பார்கள். உண்மை. ஆனால் எப்போது வந்தது? குழந்தைகள் செத்த பிறகு, கொதித்துப்போன தொழிலாளர்கள் துப்பாக்கி எடுத்துப் பத்து நாள் சண்டை போட்ட பிறகு. சண்டை நின்றது, ஆனால் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வேலைநிறுத்தத்தில் மில் கேட் முன்னால் போலீஸ் வேன்கள் நின்றன. மில் கேன்டீனிலிருந்து போலீசுக்கு டீ போனது. வெளியே உட்கார்ந்திருந்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். "பாதுகாப்புக்குத்தான் வந்திருக்கிறோம்" என்று அம்மாவிடம் சொன்னார்களாம். யாருடைய பாதுகாப்புக்கு என்று அம்மா இன்றைக்கும் கேட்பார். அதனால் "படையை அனுப்பு" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்கு வலிக்கிறது. வலிக்கத்தான் செய்யும்.

கொலராடோக்காரர்கள் அப்படி என்னதான் கேட்டார்கள்? எட்டு மணி நேர வேலை, வெட்டிய கரியின் எடையைச் சரிபார்க்கத் தங்கள் ஆள், பிடித்த கடையில் சாமான் வாங்கும் உரிமை, பிடித்த டாக்டரிடம் போகும் உரிமை. இதில் பலவும் அப்போதே கொலராடோ சட்டப் புத்தகத்தில் இருந்தவை. கம்பெனிகள் அந்தச் சட்டத்தை வருஷக்கணக்கில் மீறியபோது, படையை அனுப்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை.