சரணம் எங்கே அண்ணாச்சி?

எங்கள் பேரூராட்சிக்கு நூற்றாண்டு விழா என்று நோட்டீஸ் கொண்டுவந்தபோதே ஐந்நூறு ரூபாய் ரசீதையும் நீட்டினார்கள். அடியில் 'இரவு 7 மணிக்கு எண்பதுகளின் இன்னிசை' என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் கொடுத்தேன்.

ஆறே முக்காலுக்கே போய், தாமிரபரணிக் காற்று வரும் பக்கமாக நாற்காலி பிடித்தேன். ஏழு மணிக்குத் தொடங்கியது பாட்டு இல்லை, பொன்னாடை. மொத்தம் பதினேழு, எண்ணினேன், வேறென்ன வேலை? அப்புறம் பேச்சு. ஒருவர் 1790 செப்டம்பர் 1-இல் திருநெல்வேலி ஜில்லா உருவான கதையில் ஆரம்பித்து, 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறியவர், இறங்கவே இல்லை. விழா எங்கள் ஊருக்கு ஐயா! முதல் தெருவிளக்கு எந்தத் தெருவில் எரிந்தது என்று முன்வரிசையில் இருந்த தொண்ணூறு வயதுத் தாத்தாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவருக்கு ஒரு துண்டுகூடப் போடவில்லை.

பாட்டு தொடங்கும்போது மணி 9.20. பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஓரத்தில் போலீஸ்காரர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். மேடையில் ஒரு பையன், "டைம் கம்மி, அதனால மெட்லி!" என்றான்.

மெட்லியாம். பல்லவி நாலு வரி, ஒரு கைத்தட்டு, அடுத்த பாட்டு. 1976-இல் வந்த இளையராஜாவோடு வளர்ந்த காது எங்களுடையது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் கூட்டமாக எழும்பி, சட்டென்று அடங்கி, ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் மிஞ்சுமே, அந்த இடத்துக்காகவே கோயில் கொடை நாளில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய பனைமரத்தடியில் கால் வலிக்க நின்றிருக்கிறோம். அதை வெட்டிவிட்டுப் பாடுவது, மறுவீட்டுப் பந்தியில் தேங்காய்ப்பால் சொதி ஊற்றாமல் வெறும் சோற்றைத் தள்ளுவது மாதிரி.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் கடை அண்ணாச்சிக்கு இருந்த மரியாதைகூட இவர்களுக்கு இல்லை. 60 நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஏழாவதாக ஒன்றை எழுதிக் கொடுத்தால், "ஏல, அது பாதியில நின்னுரும். பாட்ட அறுக்கச் சொல்லுதியா?" என்று பேனாவால் அடித்துவிடுவார். மிச்ச நாடா வெறுமனே ஓடும்; பரவாயில்லை என்பார். காசுக்குப் பதிந்து கொடுத்த மனுஷர்!

சரியாகப் பத்துக்கு மைக் அணைந்தது, ஒரு ஹம்மிங்கின் நடுவில். போலீஸ்காரரைச் சொல்லி என்ன? பதினேழு பொன்னாடையில் பத்தைக் குறைத்திருந்தால் நாலு பாட்டாவது முழுசாகக் கேட்டிருப்போம்.

அடுத்த விழாவுக்கும் ரசீதோடு வருவார்கள். வரட்டும். நூறு ரூபாயை மட்டும் நீட்டி, "மெட்லி" என்று சொல்லப்போகிறேன்.