பழிவாங்கும் தொடர்கள் மறைக்கும் பொய்

குடும்பத்தைக் கொன்றவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஒருவனின் கதை இப்போது எந்தத் திரையைத் திறந்தாலும் ஓடுகிறது. நடிகர் மாறுகிறார், மொழி மாறுகிறது, கதை மட்டும் மாறுவதில்லை. முதல் கால் மணி நேரத்தில் மனைவியும் மகளும் கொல்லப்படுகிறார்கள். பொலிஸ் கைவிரிக்கிறது. சாட்சி பயந்து பின்வாங்குகிறான். குற்றவாளி சிரித்தபடி நீதிமன்றப் படியிறங்குகிறான். பிறகு அந்தத் தகப்பன் துப்பாக்கியைக் கையில் எடுக்க, ஒவ்வொரு கொலைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கைதட்டுகிறவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. சட்டத்தை நம்பி ஏமாந்தவர்களின் மாவட்டம் இது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, சனம் நிறைந்திருந்த புனித மரியாள் தேவாலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேக நபர்கள் கைதாகவே பத்தாண்டு சென்றது. 2021 ஜனவரியில், வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவிக்க, எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கும் முன்னே, 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவுப் படுகொலை. விசாரணை ஆணைக்குழு 67 பேர் கொல்லப்பட்டதாகப் பதிவு செய்தது. இராணுவ நீதிமன்றம் கட்டளை அதிகாரி ஒருவரை மட்டும், படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காகவும் உடல்களைச் சட்டவிரோதமாக அகற்றியதற்காகவும் குற்றவாளியாகக் கண்டது. கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் வளர்ந்த பிள்ளை, திரையில் ஒருவன் துப்பாக்கியைத் தூக்கும்போது "அப்படித்தான் வேண்டும்" என்று சொன்னால் நான் எந்த வாயால் அதட்டுவேன்?

என் சண்டை அந்தத் தொடர்களை எழுதுகிறவர்களுடன். அவர்களின் நாயகனுக்கு ஆள் தெரிந்திருக்கிறது. யார் சுட்டான், யார் அனுப்பினான், எந்த வீட்டில் படுத்திருக்கிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் குண்டு ஒருநாளும் தவறான நெஞ்சில் பாய்வதில்லை. பார்க்கிறவனின் மனச்சாட்சி உறுத்தாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு.

1990ஆம் ஆண்டை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள், அப்போது யாருக்கு ஆள் தெரிந்திருந்தது என்று. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஏறாவூரில் முஸ்லிம்கள். அதே நாட்களில் அம்பாறைப் பக்கம் வீரமுனையில் தமிழர்கள். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9 இரவு சத்துருக்கொண்டானிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 184 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். தொட்டில் குழந்தைகள்கூடத் தப்பவில்லை. அந்த மாதங்களில் ஒரு கொலைக்கு இன்னொரு கொலையே நியாயமாகச் சொல்லப்பட்டது. செத்தவர்கள் எவரும் எவரையும் கொன்றிருக்கவில்லை. அவர்கள் இந்த ஊரில் பிறந்திருந்தார்கள், இந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள், அவ்வளவே. பழி உண்மையில் நடக்கும் விதம் இது. அகப்படுகிறவனின்மேல் விழும். தமிழர் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி கிடக்கும் இந்தக் கரையில், பழிக்கு ஆள் தேடி எவரும் தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. கொல்லப்படும் மகளுக்கு இந்தத் தொடர்களில் வாழ்க்கையே கிடையாது. ஒரு பிறந்தநாள் கேக், ஒரு சிரிப்பு, பிறகு சவம். தகப்பனின் கோபத்தை மூட்டுவதற்கான விறகாகவே அவள் வந்து போகிறாள்.

இதைவிட நல்ல கதை சொல்லல் நம்மிடமே இருக்கிறது. வைகாசிச் சடங்கு காலத்தில் செட்டிபாளையத்திலோ காரைதீவிலோ தம்பிலுவிலிலோ கண்ணகை அம்மன் கோயிலில், அவள் கதையைச் சொல்லும் வழக்குரை பாடக் கேட்டிருப்பீர்கள். அதிலும் குடும்பத்தில் கொலை விழுகிறது. அதிலும் பழி இருக்கிறது. ஆனால் கண்ணகை முதலில் அரசவைக்குப் போகிறாள். சிலம்பை உடைத்துக் காட்டி, கணவன் கள்வன் அல்லன் என்று நிறுவுகிறாள். பிழையை உணர்ந்த பாண்டியன் அங்கேயே உயிர் விடுகிறான். அதன் பிறகும் அவள் கோபம் அடங்காமல் மதுரை எரிகிறது. அந்த எரிப்பையும் நம் முன்னோர் மறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பிறகு, அவள் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கை ஊர் கூடிச் செய்கிறது. கொல்லப்பட்டவனுக்கு நியாயம் கேட்டவளே ஆனாலும் அவளை அந்த வெக்கையோடு விட்டுவிடக் கூடாது என்று நம் ஊர்கள் நினைத்திருக்கின்றன. எத்தனை பெரிய அறிவு! எட்டுப் பேரைக் கொன்றுவிட்டு மழையில் நடந்து போகும் தொடர் நாயகனுக்கு யார் குளிர்த்தி செய்கிறார்கள்? அவன் கொன்றவனின் வீட்டில் அன்றிரவு யார் அழுதார்கள்? அதைக் காட்டினால் அடுத்த பாகம் எடுக்க முடியாது.

நான் பார்க்க விரும்பும் தொடர் வேறு. வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு வரும் ஒரு தாய். அன்று தவணை. சட்டத்தரணி வரவில்லை, அடுத்த தவணை போடுகிறார்கள். அவள் கோப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரும்புகிறாள். வழியில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அம்மா, இதோடு விட்டுவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகிறான். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அவள் வீட்டுப் படலை வரை வந்து சேர்கிறதா? அவள் அடுத்த தவணைக்கும் போவாளா? துப்பாக்கிச் சூட்டை விட இதில்தான் எனக்கு நெஞ்சு படபடக்கும். விசாரணைக் கோப்பைத் தூக்கி அலையும் தாய்மார் இந்த மாவட்டத்தில் இத்தனை பேர் இருக்கும்போது, நம் கதைக்காரர்கள் வெளியூர்த் துப்பாக்கியைக் கடன் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளிடம் நேராகவே கேட்கிறேன். பழிக்கதைதான் வேண்டுமென்றால் எடுங்கள். ஆனால் உங்கள் நாயகன் ஒரு தடவையாவது ஆளை மாறிக் கொல்லட்டும். கமரா அந்தச் செத்த வீட்டுக்குள் போய் அங்கேயே இருக்கட்டும். வழக்குக் கதை எடுக்க மனம் வந்தால், திறந்த நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணையை எவரும் போய்ப் பார்க்கலாம். ஒரு நாள் முழுக்கப் பின்வரிசை வாங்கில் இருந்து பாருங்கள், பிறகு எழுதத் தொடங்குங்கள்.